கூடிப் படித்தால் கோடி நன்மை: கைப்பேசி வகுப்பா, நேரில் கூடும் வகுப்பா?



"இப்போ எல்லாப் படிப்பும் போனுக்குள்ளேயே வந்திருச்சு. மண்டபத்துல போய் வட்டமா உட்கார்ந்து என்னத்தைப் படிக்கிறது?" என்று கேட்கிறார்கள் நம் பிள்ளைகள். "கையைப் பிடிச்சுக் காட்டாத வேலை கையில ஒட்டாதுடா தம்பி" என்கிறார்கள் பெரியவர்கள். லயத்து வாசலிலும் கோயில் திடலிலும் இந்த வாதம் இன்று ஓயாமல் நடக்கிறது.

இதைக் கிழவருக்கும் குமரருக்கும் நடக்கும் வாய்ச்சண்டை என்று தள்ளிவிடுவதற்கில்லை. நம் தோட்டங்கள் முன்போல் இல்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் பல ஊர்களில் வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. தோட்டம் கைமாறினால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் நாம். வீடு நம்மோடு வராது. நாம் வளர்த்த மரமும் நம்மோடு வராது. கூடவே வருவது கையில் உள்ள தொழிலும் நாவில் உள்ள பேச்சும்தாம். அந்த இரண்டையும் எங்கே கற்பது, யாரோடு சேர்ந்து கற்பது என்பது நம் பிழைப்பைத் தொட்ட கேள்வி. ஆகவே இவ்வாரம் அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கூடிப் படிப்பது நமக்குப் புதிதா?

ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டு எழுதுவது ஒரு வகைப் படிப்பு. நாலு பேர் ஒரு வேலையை நடுவில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லி, ஒருவர் தவற்றை இன்னொருவர் திருத்திப் படிப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைக் கூட்டுக் கற்றல் என்று கல்வியாளர்கள் அழைக்கிறார்கள். பெயர்தான் புதிது, நமக்கு அது பாட்டன் காலத்துச் சங்கதி.

பால்மரம் சீவக் கற்றதை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பாடப் புத்தகம் எவர் வீட்டில் இருந்தது? விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவின் நிரைக்குப் பின்னால் போனோம். முதலில் மங்கு துடைத்தோம், கோட்டுப்பால் இழுத்தோம். பிறகு ஒருநாள் உளி கைக்கு வந்தது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ, ஒட்டு மரத்தில் ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் கோடு இறங்க வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில். ஆனால் அதற்கும் உள்ளே இருக்கும் வளரும் பகுதியில் உளி பட்டுவிட்டால் மரம் காயப்படும். காயம் ஆறி வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக நிற்கும்; பின்னாளில் அங்கே ஒழுங்காகக் கோடு போட முடியாது. மேலாக வெட்டினால் பால் குறைவு, ஆழமாக வெட்டினால் மரம் கெடும். நடுவில் இருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கை எப்படிக் கற்றோம்? "அழுத்தாதே... இப்போ சரி... பார், மரம் அழுவுது" என்று பக்கத்தில் நின்றவர் சொல்லச் சொல்லக் கை கற்றுக்கொண்டது.

இது நேரில் கூடிப் படித்த படிப்பு. சரி, தூரத்தில் இருந்துகொண்டே கூடிப் படிப்பது நமக்குப் புதிதா? அதுவும் இல்லை!

1950-51-இல் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை முன்னின்று நடத்தினார்கள். எழுத ஆசைப்பட்டவர்கள் ஆங்காங்கே இருந்தபடியே தபாலில் எழுதி அனுப்பினார்கள். இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் உருவாக அந்த வகுப்பு வழி செய்தது. 2019-இல் அந்த ஏடு நின்றுபோனாலும் அந்த வகுப்பின் பேர் நிற்கிறது.

அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' ஏட்டில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி வந்தது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த பிள்ளைகள் அதில் எழுதினார்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை, தாளில்தான் பழக்கம். ஆனால் தாளோடு அது நின்றுவிடவில்லை. மணிமன்றம் என்ற பெயரிலேயே ஊர்தோறும் இளைஞர் மன்றங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். கூட்டக் குறிப்பு எழுதினார்கள், கணக்கு ஒப்புவித்தார்கள், பட்டிமன்றம் நடத்தினார்கள். மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற பையன் நாலாம் கூட்டத்தில் நிமிர்ந்து பேசினான்.

ஏட்டில் பிறந்த தொடர்பு, மண்டபத்தில் வளர்ந்த துணிச்சல்! இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் பலன் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கைப்பேசிக்கு வருவோம்.

2020 கற்பித்த பாடம்

2020 மார்ச் 18-இல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின. இயங்கலை வகுப்பு என்ற சொல் அன்றுதான் நம்மில் பலர் வீட்டுக்குள் நுழைந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன்; அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. அலைவரிசை தேடி ரோட்டோரத்திலும் மேட்டிலும் உட்கார்ந்த பிள்ளைகளை நாம் கண்டோம். அவ்வாண்டு சபா மாநிலத்தில் ஒரு மாணவி தேர்வெழுத இணையம் வேண்டிக் காட்டு மரத்தில் ஏறி இரவைக் கழித்தது நாடெங்கும் பேசப்பட்டது.

அந்தக் காலம் இரண்டு உண்மைகளைக் காட்டியது. ஒன்று, பாடம் தூரத்திலிருந்து வரும். ஆசிரியர் குரல் லயத்து வீட்டு அடுப்படிவரை வந்து சேரும். இரண்டு, கருவியும் அலைவரிசையும் இல்லாத பிள்ளை பின்தங்கிப் போகும். அத்தோடு தாய்மார் சொன்ன மூன்றாவது ஒன்றும் உண்டு. "பாடம் வருதுங்க. ஆனா புள்ளை யார்கூடவும் பேசாம ஊமை மாதிரி ஆயிடுச்சு." இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். தொழிலுக்குப் பாடம் மட்டும் போதாது, பிறரோடு பழகும் பழக்கமும் வேண்டும் என்பதை அந்தத் தாய்மார் கண்டுகொண்டார்கள்.

போன் எதில் கெட்டி?

கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பது நியாயமல்ல. அதனால் ஆகும் நன்மைகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்க்கலாம். ரவிக்கைக்குக் கை வெட்டும் அளவு புரியவில்லையா? திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நேரில் சொல்லித்தரும் அக்காளிடம் பத்தாம் முறை கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் படிக்கலாம். மாலை வகுப்புக்கு டவுனுக்குப் போக பஸ் இல்லாத தோட்டத்துப் பெண்களுக்கு இது பெரிய வரம்.

எழுதத் தெரியாதவரும் புலனக் குழுவில் குரல் பதிவு அனுப்பலாம். கூட்டத்தில் வாய் திறக்காத சிலர் குரல் பதிவில் அழகாகப் பேசுவார்கள். கூச்சம் உள்ளவருக்கு அது முதல் படி.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டம் உடைந்து சிதறிப் போன நம் மக்களை அது சேர்க்கிறது. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இன்று கிள்ளானில் ஒருவர், ஜொகூரில் ஒருவர், சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வருபவர் ஒருவர் என்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மின்சார வேலை கற்றவர், ஒருவர் பாரந்தூக்கி ஓட்டுபவர், ஒருவர் தாதி. அவர்கள் அறிவெல்லாம் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்படி செய்யக்கூடியது இந்தச் சின்னக் கருவிதான்.

போன் எதில் தோற்கும்?

கைத்தொழிலில் முதலில் தோற்கும். முதலுதவியை எடுத்துக்கொள்வோம். நிரையில் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சும் நாடியும் நின்றுவிட்டால், நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் சி.பி.ஆர். முறை உண்டு. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும் என்று காணொளி சொல்லும். கணக்கு மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் 5 சென்டிமீட்டர் அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்து அமுக்கினால்தான் தெரியும். இரண்டே நிமிடத்தில் தோள் களைத்துப் போகும், அடுத்தவர் மாற வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும். "இன்னும் அழுத்துங்க அண்ணே, மேலே வர விடுங்க" என்று பக்கத்தில் ஒருவர் திருத்த வேண்டும்.

செம்பனையில் உயரமான மரத்துக் குலையை நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டும்போது எங்கே நின்றால் குலையும் ஓலையும் தலையில் விழாது? மின்கம்பி பக்கத்தில் போனால் கம்பை எப்படித் தாழ்த்துவது? இவற்றைத் திரையில் பார்த்துவிட்டு நேரே மரத்தடிக்குப் போவது ஆபத்து. பழகியவர் பக்கத்தில் நின்று, தரையையும் மரத்தையும் கம்பின் நீளத்தையும் காட்டித்தான் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து, மனிதரோடு பழகும் திறமையில் தோற்கும். புலனத்தில் ஒருவர் 'சரி' என்று ஒற்றைச் சொல் போடுகிறார். அது சம்மதமா, சலிப்பா, கோபமா? முகம் தெரியாததால் மற்றவர் கோபம் என்றே எடுத்துக்கொள்கிறார். அரைமணி நேரத்தில் குழு இரண்டாகப் பிளந்து, நாலு பேர் வெளியேறிவிடுகிறார்கள். இதே ஆட்கள் மண்டபத்தில் ஒரு குவளைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தால் சிரிப்பிலேயே முடிந்திருக்கும். எதிராளியின் முகம் பார்த்துச் சொல்லை மாற்றுவது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது, மாற்றுக் கருத்தைப் பகையில்லாமல் சொல்வது ஆகியவை நேரில் பழகப் பழக வருபவை.

இன்னொன்றும் உண்டு. நேரில் ஐந்து பேர் கூடினால் ஒருவர் சும்மா இருப்பது தெரிந்துவிடும். "ஏன் தங்கச்சி, நீ ஒண்ணும் சொல்லலியே?" என்று யாராவது கேட்பார்கள். ஐம்பது பேர் உள்ள புலனக் குழுவில் நாற்பது பேர் மௌனம். அவர்கள் படிக்கிறார்களா, பின்தங்கிவிட்டார்களா, யாருக்கும் தெரியாது. மெல்லக் காணாமல் போய்விடுவார்கள்.

சம்பளச் சீட்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம்

இரண்டு முறைகளையும் எப்படிச் சேர்ப்பது? நம் எல்லார் கையிலும் மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டையே பாடமாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, சட்டத்தைத் தெரிந்துகொள்வது. இதைப் போனிலேயே செய்யலாம். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. சாதாரண வேலைநாளில் அதற்குமேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஊழியர் சேமநிதிக்கு 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. இவற்றைத் தேடிப் படித்துக் குழுவில் போடுவதற்கு ஒருவர் போதும்.

இரண்டாவது வேலை, கணக்குப் போடுவது. மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26-ஆல் வகுத்தால் நாட்கூலி 65 வெள்ளி 38 காசு. நாளுக்கு 8 மணி வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. பத்து மணி நேரம் கூடுதல் வேலை செய்தவருக்கு 122 வெள்ளி 60 காசு வர வேண்டும். இதைத் தனியாகப் போனில் பார்த்தால் தலை சுற்றும். நாலு பேர் ஒரு மேசையில் சீட்டுகளை விரித்து வைத்துப் போட்டால், "எனக்கு இந்தப் பிடிப்பு இருக்கு, உனக்கு ஏன் இல்லை?" என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருவர் சீட்டில் தெரியாத விஷயம் இன்னொருவர் சீட்டில் தெளிந்துவிடும். தாள் தாளாக ஒப்பிட நேரில் கூடுவதே வசதி. சொந்தச் சம்பளச் சீட்டைப் படம் பிடித்துப் பெரிய குழுவில் போடுவதும் நல்லதல்ல.

மூன்றாவது வேலைதான் கடினமானது. கணக்கில் குறை தெரிந்தால் அலுவலகத்துக்குப் போய்க் கிராணியாரிடம் மரியாதை குறையாமல், பயமும் இல்லாமல் கேட்க வேண்டும். எத்தனையோ பேர் கணக்குத் தெரிந்தும் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். "போனா மூஞ்சியைத் தூக்குவாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். இதைப் பழக ஒரு வழி உண்டு. ஒருவர் கிராணியாராக நடிக்கட்டும், ஒருவர் தொழிலாளியாக நின்று கேட்கட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும்.

"ஐயா, வணக்கம். போன மாசம் பத்து மணி ஓட்டி செஞ்சேன். சீட்டுல ஆறு மணிதான் இருக்கு. வருகைப் பதிவைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"இப்ப நேரமில்லையே, அப்புறம் வாங்க."

"சரிங்க ஐயா. நாளைக்குக் காலையில பிரட்டு முடிஞ்சதும் வரட்டுங்களா? நாள், மணி எல்லாம் இந்தத் தாள்ல எழுதியிருக்கேன்."

பார்த்தீர்களா? குரல் ஏறவில்லை, குனியவும் இல்லை. நாளும் மணியும் கையில் இருக்கின்றன. இரண்டு முறை நடித்துப் பார்த்தவர் மூன்றாம் முறை உண்மையான அலுவலகத்தில் தடுமாற மாட்டார். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைக்கும் இதே பயிற்சி பொருந்தும். இதைப் பத்துக் காணொளி பார்த்தாலும் பெற முடியாது. எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும்.

ஆக, சேதி அறியப் போன். கணக்கு ஒப்பிட மேசை. பேசிப் பழக ஆள். வேலையைப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

2009-இல் அமெரிக்கக் கல்வித் துறை, அதற்குமுன் நடந்த ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இயங்கலையும் நேர் வகுப்பும் கலந்து படித்தவர்கள், நேர் வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சற்று முன்னே நின்றார்கள். கலந்து படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப் பொருளும் கிடைத்திருக்கலாம் என்பதையும் அந்த அறிக்கையே நேர்மையாகச் சொல்கிறது. இன்னொரு முடிவு நமக்கு முக்கியம்: இயங்கலையில் தன்னந்தனியே படிப்பதைவிட, ஆசிரியர் வழிகாட்டியோ பிறரோடு சேர்ந்தோ படிப்பதில்தான் பயன் அதிகம். திரை இருந்தாலும் கூட்டு வேண்டும் என்பது இதன் பொருள்.

நம் நாட்டிலும் இதை அறிந்தே செய்திருக்கிறார்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-லேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து படித்தவர்களையும், வளாகத்துக்கு வரவழைத்துத் தங்கவைத்துப் பாடம் நடத்தியது. 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்தில். பாடமாகப் படிப்பது 20 முதல் 30 விழுக்காடு மட்டும். தொழில் என்பது வேலையிடத்தில், வேலை தெரிந்தவர் பக்கத்தில் கற்க வேண்டியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் தோட்டத்தில் எப்படித் தொடங்குவது?

பெரிய திட்டம் வேண்டாம். ஐந்தாறு பேர் போதும். ஒருவரிடம் நல்ல போன் இருந்தால் போதும். எல்லாரிடமும் இருக்க வேண்டியதில்லை. கோயில் மண்டபம், பாலர் பள்ளி, யாராவது வீட்டு அஞ்சடி, எது கிடைத்தாலும் சரி.

வார நாட்களில் புலனக் குழுவில் ஒரே ஒரு பாடம். பத்து நிமிடத்துக்கு மேற்படாத காணொளியோ குரல் பதிவோ இருக்கட்டும். எல்லாரும் பார்த்துவிட்டு, புரியாத ஒரு கேள்வியைக் குரல் பதிவில் போட வேண்டும். குரல் பதிவு ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். காலை வணக்கப் படங்களும் அரசியல் வம்பும் அந்தக் குழுவில் கூடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் நேரில் கூடுங்கள். முதல் அரைமணி கேள்விகளுக்கு. அடுத்த முக்கால் மணி கையால் செய்து பார்ப்பதற்கு. தையலானால் துணி வெட்டுங்கள், நேர்காணலானால் நடித்துப் பாருங்கள். கடைசிக் கால்மணியில் என்ன கற்றோம், அடுத்த வாரம் என்ன என்பதை ஒருவர் குறிப்பெழுதி வாசிக்கட்டும்.

இரண்டு விதிகளை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். எல்லாரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. தலைவர் வேலையும் குறிப்பெழுதும் வேலையும் வாராவாரம் ஆள் மாற வேண்டும். இல்லாவிட்டால் வாய் உள்ளவரே பேசிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே வயதாகிப் போவார்கள்.

பெரியவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். போனை எப்படித் திறப்பது என்று பேத்தி ஆயாவுக்குச் சொல்லித்தரட்டும். சபையில் எப்படி நின்று பேசுவது, சண்டையை எப்படி விலக்குவது என்று ஆயா பேத்திக்குச் சொல்லித்தரட்டும். இருவருக்கும் குருதட்சணை மிச்சம்!

இரண்டு எச்சரிக்கை, ஒரு நற்செய்தி

இலவசமாகப் படிக்கவே வழி உண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள எச்.ஆர்.டி. கோர்ப் நிறுவனத்தின் 'இ-லாத்தே' தளத்தில் கட்டணமின்றிப் பாடங்கள் கிடைக்கின்றன. ஆகவே 'உடனே 300 வெள்ளி கட்டினால் வேலை நிச்சயம்' என்று வரும் விளம்பரங்களைக் கண்டு மயங்காதீர்கள். பணம் கட்டுமுன், அந்தப் பயிற்சி நிலையம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா என்று விசாரியுங்கள். அடையாள அட்டை எண்ணையோ வங்கி அனுப்பும் டேக் எண்ணையோ எவருக்கும் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள். மோசடிகளுக்காகவே 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மையம் அது.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு மாதம் காணொளி பார்த்துவிட்டு மின்சார வேலைக்கும் மர வேலைக்கும் துணிந்து இறங்காதீர்கள். பழகியவர் மேற்பார்வை இல்லாமல் செய்யும் முதல் வேலை கடைசி வேலையாகிவிடக் கூடாது.

நற்செய்தி இதுதான். பள்ளிப் படிப்பு இல்லாதவரும், பல ஆண்டு வேலை அனுபவம் இருந்தால், எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெற வழி உண்டு. முன் அனுபவ அங்கீகாரம் என்ற முறை அது. நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்ட வேண்டும்: படங்கள், வேலைக் கடிதங்கள், மேலாளர் சான்று. இதற்கும் இரு வழிகளும் உதவும். வேலையைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கப் போன். கோப்பு தயாரிக்கவும் மதிப்பீட்டாளர் கேட்டால் பதில் சொல்லிப் பழகவும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

பாட்டாளித் தோழர்களே, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் முன் நின்று, எளிய தமிழில் விளக்கினார்கள். சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்ந்தது. தொழிலாளர் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. காகிதத்தில் வந்த செய்தியை நம்பி மட்டும் ஏழைகள் காசைக் கொடுத்திருப்பார்களா? சொன்னவர் முகத்தைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், நம்பிக்கை பிறந்தது.

இன்று செய்தி நம் சட்டைப் பைக்குள்ளேயே வருகிறது. அதை வரவேற்போம். ஆனால் வந்த செய்தியைத் தனித்தனியே திரையில் பார்த்துவிட்டுப் படுத்துவிட வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடம் அங்கேயே தொடங்கட்டும்.